திருச்சபையின் இசைத் தொண்டர் பாலெஸ்திரினா

ஒரு கோவிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டிய ஆயரையும், உழைத்த குருக்களையும், நன்கொடை அளித்த பெரியோர்களையும் நன்றியுடன் நினைவுகூருவார்கள். அது முறையே. ஆனால் கோவில் கல்லால் மட்டும் கட்டப்படுவதன்று. ஞாயிறுதோறும், கடன் திருநாள்தோறும், அடக்கச் சடங்குதோறும் நின்று பாடுகின்ற குரல்களாலும் அது கட்டப்படுகிறது. அந்தக் குரல்களுக்குக் கல்வெட்டு கிடையாது. பாடி முடித்ததும் காற்றோடு கலந்துவிடுகின்றன.

அவ்வாறு வாழ்நாள் முழுவதும் கோவில்களில் பாடியும், பாடக் கற்றுக்கொடுத்தும், இசை அமைத்தும் தொண்டாற்றிய ஒருவரின் வாழ்க்கையை இந்த விழா மலரில் நம் பங்கு மக்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றவில்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சபையின் இசையைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடிவதில்லை. அவர்தாம் ஜொவான்னி பியர்லூய்ஜி என்னும் பாலெஸ்திரினா. 2025-ம் ஆண்டு அவர் பிறந்த ஐந்நூறாவது ஆண்டாக உலகெங்கும் கொண்டாடப்பட்டது.

பிறப்பும் இளமையும்

பாலெஸ்திரினா என்பது உண்மையில் அவர் பெயரன்று. அவர் பிறந்த ஊரின் பெயர். ரோமைக்குக் கிழக்கே, ஒரு நாள் நடையில் சென்றுவிடக்கூடிய தொலைவில், மலைச் சரிவில் அமைந்த பழம்பெரும் ஊர் அது. அங்கே 1525-ம் ஆண்டளவில் எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். ஜொவான்னி என்றால் நம் வழக்கில் அருளப்பர். பியர்லூய்ஜி என்பது இராயப்பர், ஞானப்பிரகாசர் என்னும் இரு பெயர்களும் சேர்ந்த குடும்பப் பெயர். அக்கால வழக்கப்படி ஊர்ப் பெயரே பின்னாளில் அவரது பெயராக நிலைத்துவிட்டது.

அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது, 1536-ல், தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு ரோமையிலுள்ள மரியன்னைப் பெருங்கோவிலின் பாடற்சிறுவர் பட்டியலில் அவர் பெயர் காணப்படுகிறது. இந்தப் பெருங்கோவில் நமக்கு அந்நியமானதன்று. ஆகஸ்டு 5-ம் நாள் தூத்துக்குடியிலும் பிற ஊர்களிலும் நாம் கொண்டாடும் பனிமய மாதா திருநாள், இந்தக் கோவிலின் நேர்ந்தளிப்பு நாளே ஆகும். தாயை இழந்த சிறுவன், பனிமய அன்னையின் கோவிலில் பாடக் கற்றான் என்பதை நினைக்கையில் நமக்கு ஒரு நெருக்கம் ஏற்படுகிறது.

அந்நாளில் பெரிய கோவில்களில் சிறுவர்களை ஏற்று, உணவும் இருப்பிடமும் கொடுத்து, இசையும் இலத்தீனும் கற்பிப்பது வழக்கம். அவர்களுடைய குரல் உடையும் வரை மேல் சுரங்களை அவர்களே பாடுவார்கள். குரல் உடைந்தபின் திறமையுள்ளவன் பாடகனாகவோ ஆர்கன் வாசிப்பவனாகவோ வேலை தேடிக்கொள்வான். பாலெஸ்திரினாவும் 1544-ல், ஏறத்தாழப் பத்தொன்பது வயதில், தம் சொந்த ஊராகிய பாலெஸ்திரினாவின் புனித அகப்பீத்து பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் இசை ஆசிரியராகவும் அமர்ந்தார். திருநாட்களில் ஆர்கன் வாசிப்பது, நாள்தோறும் திருப்பலியிலும் மாலைச் செபத்திலும் பாடுவது, பேராலயக் குருக்களுக்கும் சிறுவர்களுக்கும் இசை கற்பிப்பது ஆகிய இவை அவர் கடமைகள். 1547-ல் லுக்ரேசியா கோரி என்னும் அவ்வூர்ப் பெண்ணை மணந்தார். ரொதோல்போ, ஆஞ்செலோ, இஜீனியோ என்று மூன்று புதல்வர்கள் பிறந்தார்கள்.

ஆயர் பாப்பரசரானார்

சிற்றூர்ப் பேராலயத்திலேயே முடிந்திருக்கக்கூடிய அவர் வாழ்க்கையை எதிர்பாராத நிகழ்ச்சி ஒன்று மாற்றியது. அவ்வூரின் ஆயராக இருந்த கர்தினால் தெல் மோந்தே 1550-ல் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்றாம் ஜூலியஸ் என்னும் பெயர் பூண்டார். தம் ஊர் இளைஞரின் திறமையை அவர் மறக்கவில்லை. 1551-ல் புனித இராயப்பர் பேராலயத்தின் ஜூலியா பாடகர் குழுவுக்குப் பாலெஸ்திரினா தலைவரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இராயப்பர் பேராலயம் என்றதும் இன்று படங்களில் நாம் காணும் பெரும் கோபுரக் கூண்டு நினைவுக்கு வரும். ஆனால் அன்று அப்படி ஒன்று இல்லை. பழைய கோவிலின் ஒரு பகுதியை இடித்து 1506-ல் தொடங்கிய வேலை நடந்துகொண்டே இருந்தது. பாதி பழைய கோவில், பாதி சாரமும் சுண்ணாம்பும். கட்டட வேலையை மிக்கேல் ஆஞ்செலோ நடத்திவந்தார். அவர் 1564-ல் இறந்தபின், கூண்டு முடிந்தது 1590-ல். கோவில் அபிஷேகம் ஆனது 1626-ல். ஆகவே பாலெஸ்திரினா தம் வாழ்நாளில் முடிவுற்ற இராயப்பர் பேராலயத்தைப் பார்த்ததேயில்லை. கட்டி முடியாத கோவிலிலேயே அவர் தம் இசைப்பணியைத் தொடங்கினார். கட்டி முடியாத கோவிலிலேயே அதை முடித்தார்.

1554-ல் தம் திருப்பலி இசைகளின் முதல் தொகுப்பை அச்சிட்டுப் பாப்பரசருக்குக் காணிக்கையாக்கினார். அந்நூலின் முகப்புப் படத்தில், பாப்பரசர் அமர்ந்திருக்க, இசையாசிரியர் முழங்காலிட்டு நூலை நீட்டுகிறார். அதுவரை ரோமையின் பெரிய பாடகர் குழுக்களில் பிளாந்தர், பிரான்சு, ஸ்பெயின் நாட்டவர்களே முன்னணியில் இருந்தனர். இத்தாலியர் ஒருவர் இவ்வாறு திருப்பலி இசை நூல் வெளியிட்டது பெரிய செய்தியாயிற்று.

ஓராண்டில் மூன்று பாப்பரசர்கள்

1555 சனவரியில் மூன்றாம் ஜூலியஸ் அவரைத் தம் சொந்தப் பாடகர் குழுவாகிய சிக்ஸ்தீன் சிற்றாலயக் குழுவில் சேர்த்துக்கொண்டார். உலகத்திலேயே உயர்ந்த பாடகர் குழு அது. அதில் சேரத் தேர்வு உண்டு. பாடகர்களின் சம்மதமும் வேண்டும். மணமாகாதவராகவும் இருக்க வேண்டும். இவருக்குத் தேர்வும் நடக்கவில்லை, பாடகர்களின் சம்மதமும் கேட்கப்படவில்லை, மனைவியும் உண்டு. பாப்பரசரின் கட்டளையால் சேர்க்கப்பட்டார் என்று குழுவின் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். அந்த வரியில் மனக்கசப்பு தெரிகிறது.

மார்ச்சு மாதத்தில் மூன்றாம் ஜூலியஸ் இறந்தார். ஏப்ரல் 9-ல் மார்செல்லுஸ் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பக்தியும் கண்டிப்பும் மிகுந்தவர். மூன்று நாட்கள் கழித்து வந்த பெரிய வெள்ளியன்று, பாடகர்கள் அந்நாளின் துயரத்துக்குப் பொருந்தாத வகையில் பாடியதைக் கேட்டு அவர் வருந்தினார். பாடகர்களை அழைத்து, ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய வார்த்தைகளை அதற்கேற்ற குரலில், கேட்போருக்குப் புரியும்படி பாட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அப்போது சிற்றாலயப் பாடகர்களுள் ஒருவராயிருந்தவர் பாலெஸ்திரினா. ஆனால் மே முதல் நாளிலேயே அந்தப் பாப்பரசர் இறந்துவிட்டார். மூன்று வாரங்களே நீடித்த ஆட்சி அது. சொன்ன சொல் மட்டும் நின்றது.

அடுத்து வந்தவர் நான்காம் சின்னப்பர். திருச்சபையின் ஒழுங்கைச் சீர்படுத்துவதில் தயவு தாட்சணியம் பாராதவர். சிற்றாலயப் பாடகர் குழுவில் மணமானவர் இருக்கலாகாது என்னும் விதியை அவர் செயல்படுத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் மணமான மூவர் நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பாலெஸ்திரினா. சிறிதளவு ஓய்வூதியம் மட்டும் கிடைத்தது.

அவர் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது வயது, மனைவியும் குழந்தைகளும் வீட்டில், இராயப்பர் பேராலய வேலையை விட்டுவிட்டு மேலான இடத்துக்கு வந்தார், எட்டே மாதங்களில் வெளியேற்றப்பட்டார். அவர் செய்த குற்றம், திருச்சபையே ஆசீர்வதித்த திருமணம். இந்த நிலையில் கோவில் வாசலையே மிதிக்க மாட்டேன் என்று போனவர்கள் எத்தனையோ பேர். அவர் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் லாத்தரன் அருளப்பர் பேராலயத்தின் பாடகர் தலைவரானார். தம்மை வெளியே அனுப்பிய திருச்சபைக்காகவே தொடர்ந்து இசை எழுதினார்.

ஆனால் அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருந்தவரும் அல்லர். லாத்தரனில் பாடற்சிறுவர்களின் உணவுச் செலவைக் குறைத்தபோது, பேராலய அதிகாரிகளோடு முரண்பட்டு, 1560-ல் தம் மகன் ரொதோல்போவையும் அழைத்துக்கொண்டு வேலையை விட்டே வெளியேறினார். பாடும் பிள்ளைகளின் வயிறு காயக்கூடாது என்பதில் அவருக்கு உறுதி இருந்தது. பின்பு தாம் சிறுவனாய்ப் பாடிய மரியன்னைப் பெருங்கோவிலிலேயே தலைவராகப் பணியாற்றினார். 1566 முதல் இயேசு சபையார் நடத்திய ரோமைக் குருமடத்தில் இசை கற்பித்தார். நம் புனித சவேரியாரை அனுப்பிய அதே சபைதான் அது. அங்கே அவர் மக்கள் இருவர் கல்வி பயின்றனர். அவர்களின் செலவுக்கு ஈடாகவும் அவர் உழைப்பு அமைந்தது.

பாட்டை நிறுத்துவதா?

அந்நாளில் திருச்சபை பெரும் சோதனையில் இருந்தது. மார்ட்டின் லூத்தரின் எழுச்சியால் ஐரோப்பா இரண்டாகப் பிளந்திருந்தது. திரெந்து நகரில் 1545-ல் கூடிய பொதுச்சங்கம், விட்டு விட்டு 1563 வரை நடைபெற்றது. விசுவாசத்தை மட்டுமன்று, கோவிலின் ஓவியத்தையும் இசையையும் கூட அது கவனிக்க வேண்டியதாயிற்று. சிக்ஸ்தீன் சிற்றாலயச் சுவரில் மிக்கேல் ஆஞ்செலோ தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் ஆடையின்றி இருந்த உருவங்களுக்கு, சங்கம் முடிந்தபின், வேறோர் ஓவியரைக் கொண்டு ஆடை தீட்டினார்கள். இசைக்கும் ஒரு தீர்ப்பு காத்திருந்தது.

குறை என்ன என்பதைச் சற்று விளக்குவோம். பழங்காலம் முதல் திருச்சபையில் பாடிவந்தது கிரகோரியார் கீதம். எல்லாரும் ஒரே சுரத்தில், ஒரே குரலாகப் பாடுவது அது. பிற்காலத்தில் நான்கு, ஐந்து, ஆறு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியினரும் தங்களுக்குரிய இராகத்தைத் தனித்தனியே பாட, அனைத்தும் ஒன்றாகப் பின்னி வரும் பல்குரல் இசை வளர்ந்தது. அது மிக அழகானது. ஆனால் ஒரு பகுதியினர் விசுவாசப் பிரமாணத்தின் ஒரு வரியைப் பாடும்போது மற்றப் பகுதியினர் வேறு வரியைப் பாடினால், கேட்பவருக்கு எது புரியும்? போதாக்குறைக்கு, தெருவிலும் விருந்திலும் பாடப்பட்ட காதல் பாட்டுகளின் மெட்டுகளை எடுத்துத் திருப்பலி இசைக்கு அடித்தளமாக அமைப்பதும் வழக்கமாயிருந்தது. செபிக்க வந்தவனுக்கு மெட்டு நினைவூட்டியது செபத்தையன்று.

இந்தப் பல்குரல் இசையே கோவிலுக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1562 செப்டம்பரில் சங்கம் வெளியிட்ட ஆணை அத்தனை தூரம் செல்லவில்லை. தூய்மைக்கு மாறானதும் சிற்றின்பச் சாயல் கொண்டதுமான இசை, ஆர்கனிலோ பாட்டிலோ, கோவிலில் இருக்கலாகாது என்று மட்டும் விதித்தது. அதைச் செயல்படுத்த ரோமையில் கர்தினால்மார் குழு அமைந்தது. அதில் புனித சார்லஸ் பொரோமேயுவும் கர்தினால் வித்தெல்லியும் இசையைக் கவனித்தார்கள். 1565 ஏப்ரல் 28-ல் பாப்பரசரின் பாடகர்கள் வித்தெல்லியின் இல்லத்தில் கூடி, சில திருப்பலி இசைகளைப் பாடிக்காட்டினார்கள். வார்த்தைகள் காதில் தெளிவாக விழுகின்றனவா என்பதே அந்தச் சோதனை.

இங்கேதான் புகழ்பெற்ற ஒரு கதை பிறந்தது. பல்குரல் இசையைத் தடை செய்யச் சங்கம் தீர்மானித்திருந்த வேளையில் பாலெஸ்திரினா ஒரு திருப்பலி இசையை எழுதிக் கொடுத்ததாகவும், அதைக் கேட்டுக் கண்ணீர் மல்கிய தந்தையர்கள் தடையைக் கைவிட்டதாகவும் அக்கதை கூறும். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1607-ல், இது அச்சில் வரத் தொடங்கியது. பிற்காலத்தில் இசை நாடகமாகவும் ஆயிற்று. அழகான கதைதான். ஆனால் அன்று வித்தெல்லியின் இல்லத்தில் எந்த இசையைப் பாடினார்கள் என்று பாடகர்களின் நாட்குறிப்பில் எழுதப்படவில்லை. அன்றி, இந்தப் பணியில் அவர் தனியாகவும் இல்லை. கெர்லே என்னும் பிளாந்தர் நாட்டு இசையாசிரியரின் பாடல்கள் திரெந்து நகரிலேயே பாடப்பட்டன. மிலான் நகரில் புனித பொரோமேயுவின் விருப்பப்படி ருபோ என்பவர் தெளிவான திருப்பலி இசைகளை எழுதினார்.

கதையை நீக்கிவிட்டால் பாலெஸ்திரினாவின் பெருமை குறையுமா? குறையாது என்பதே நம் கருத்து. ஏனெனில் அந்த இசை இருக்கிறது. 1567-ல் அச்சான அவரது இரண்டாம் தொகுப்பில் ஆறு குரலுக்கான ஒரு திருப்பலி இசை உள்ளது. அதற்கு அவர் இட்ட பெயர் பாப்பரசர் மார்செல்லுஸ் திருப்பலி. மூன்று வாரங்கள் ஆண்டு, வார்த்தை புரியப் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டு மறைந்தவரின் பெயரை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வேறு எந்த ஆதாயமும் கருதாமல் அவர் சூட்டினார். அதில் உன்னத கீதமும் விசுவாசப் பிரமாணமும் அசை அசையாகத் தெளிவாக வருகின்றன. ஆறு குரல்களும் ஒருசேர ஒரே சொல்லை உச்சரிக்கின்றன, பின் பிரிகின்றன, மீண்டும் சேர்கின்றன. மன்றாட்டிலும் தூயவர் கீதத்திலும் சொற்கள் குறைவாதலால், குரல்கள் விரிந்து பறக்கின்றன. வார்த்தைக்கும் இசைக்கும் இடையே இருந்த வழக்கை இரு தரப்பும் ஏற்கும்படி அவர் தீர்த்துவைத்தார். இரண்டில் ஒன்றைக் கொன்று அல்ல, இரண்டையும் வாழவைத்து.

சாவு நுழைந்த வீடு

ஜூலியா பாடகர் குழுவின் தலைவர் அனிமூச்சியா 1571-ல் இறக்கவே, பாலெஸ்திரினா மீண்டும் இராயப்பர் பேராலயத்துக்கு அழைக்கப்பட்டார். இறக்கும் வரை, இருபத்துமூன்று ஆண்டுகள், அங்கேயே இருந்தார். வியன்னாவின் பேரரசர் அவரை விரும்பியதுண்டு. மாந்துவா நகரின் பிரபு விரும்பியதுண்டு. இவர் கேட்ட ஊதியம் பெரிதாக இருந்ததால் அவை கைகூடவில்லை. தம் உழைப்பின் விலை அவருக்குத் தெரியும். அதைக் கேட்கவும் அவர் கூசவில்லை.

1572-ல் வெளியிட்ட பாடல் தொகுப்பு ஒன்றில் அவர் ஒரு புதுமை செய்தார். தம் பாடல்களோடு, தம்பி சில்லாவும் புதல்வர் ரொதோல்போவும் ஆஞ்செலோவும் எழுதிய பாடல்களையும் சேர்த்து அச்சிட்டார். தம் குடும்பமே திருச்சபைக்குப் பாடும் குடும்பமாக வேண்டும் என்று அந்தத் தந்தை எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்! அதே ஆண்டில் ரொதோல்போ இறந்தார். 1573 தொடக்கத்தில் சில்லா இறந்தார். 1575-ல் ஆஞ்செலோ இறந்தார். தொற்றுநோய்கள் இத்தாலியைச் சூறையாடிய காலம் அது. 1580-ல், முப்பத்துமூன்று ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி லுக்ரேசியாவும் மறைந்தார். அந்தத் தொகுப்பில் பெயர் அச்சான நால்வரில் எஞ்சியவர் தந்தை ஒருவரே. புதல்வருள் கடைசி மகன் இஜீனியோ மட்டும் மிஞ்சினார்.

இந்த ஆண்டுகளிலும் அவர் பணி நிற்கவில்லை என்பதே நம்மை வியக்க வைக்கிறது. 1575 யூபிலி ஆண்டில் பாலெஸ்திரினா ஊரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர், குருக்களும் இல்லறத்தாரும் பெண்களும் சிறுவர்களுமாக மூன்று குழுவாய்ப் பிரிந்து, இவரது பாடல்களைப் பாடிக்கொண்டு, இவரது தலைமையில் ரோமைக்குள் திருயாத்திரையாக நுழைந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 1577-ல் பதின்மூன்றாம் கிரகோரியார், பழைய கிரகோரியார் கீத நூல்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் பொறுப்பை இவரிடமும் சோயிலோ என்பவரிடமும் ஒப்படைத்தார். அந்த வேலை அவர் காலத்தில் நிறைவேறவில்லை.

மனைவி இறந்தபின் அவர் குருத்துவ வாழ்வை நாடினார். தொடக்கப் பட்டங்களைப் பெற விண்ணப்பித்தார். திருச்சபை மானியம் ஒன்றும் கிடைத்தது. பட்டம் பெற்றிருந்தால் ஒருவேளை சிக்ஸ்தீன் சிற்றாலயக் கதவும் மறுபடி திறந்திருக்கும். ஆனால் சில வாரங்களிலேயே மனம் மாறினார். 1581 மார்ச்சில் விர்ஜீனியா தொர்மோலி என்னும் விதவையை மணந்தார். அவரது முதற்கணவர் மென்மயிர்த் தோல் வணிகம் நடத்திய செல்வர். பாலெஸ்திரினா கூட்டாளி ஒருவருடன் அந்த வணிகத்தையும் நடத்தினார். வீடுகளும் நிலமும் வாங்கினார்.

இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, பின்னும் உண்டு. அவரைப் புனிதராகக் காட்ட விரும்பிய நூலாசிரியர்கள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவார்கள். நாம் மறைக்க வேண்டியதில்லை. நான்கு பிரேதங்களை அனுப்பிய வீட்டில் ஐம்பத்தைந்து வயது கடந்த ஒருவர் மீண்டும் விளக்கேற்றினார். இல்லறம்தான் தம் அழைத்தல் என்று இரண்டாம் முறையும் கண்டுகொண்டார். அத்துடன், கையில் பணம் வந்தபின் அவர் இசை அமைப்பதைக் குறைக்கவில்லை. முன்னிலும் மிகுதியாக எழுதினார், மிகுதியாக அச்சிட்டார். அச்சுச் செலவு அந்நாளில் பெருஞ்சுமை. 1588-ல் வெளியிட்ட புலம்பல் பாடல்களின் அர்ப்பண உரையில் கூட, பணமின்மையால் பல படைப்புகள் அச்சேறாமல் கிடப்பதாக முறையிட்டிருக்கிறார்.

அவரிடம் இன்னொரு முரண்பாடும் உண்டு. 1584-ல் உன்னத சங்கீதத்திலிருந்து இருபத்தொன்பது பாடல்களை வெளியிட்டபோது, இளமையில் காதல் பாடல்களுக்கு இசை அமைத்ததற்காக வெட்கப்படுவதாகப் பாப்பரசருக்கு எழுதினார். இரண்டே ஆண்டுகளில் உலகியல் பாடல்களின் மற்றொரு தொகுப்பை வெளியிட்டார்! சொன்ன தீர்மானத்தில் நிற்க முடியாத பலவீனம் நம்மைப் போலவே அவருக்கும் இருந்தது.

முடிவும் புகழும்

1594 பிப்ரவரி 2-ம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, நுரையீரல் உறை அழற்சியால் சில நாட்கள் நோயுற்றிருந்து, அறுபத்தெட்டாம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். இராயப்பர் பேராலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். ரோமை நகரத்துப் பாடகர்கள் திரண்டு வந்தார்கள். சவப்பெட்டியின் தகட்டில் இசைக்கு இளவரசர் என்று பொறித்தார்கள். பின்னர்ப் பழைய கோவிலை முற்றிலும் இடித்துப் புதிய கோவிலைக் கட்டி முடித்தபோது அந்தக் கல்லறையின் இடம் தெரியாமல் போயிற்று. எந்தக் கோவிலுக்காகப் பாடினாரோ அந்தக் கோவிலின் அடியிலேயே கரைந்துவிட்டார்.

நூற்றுக்கு மேற்பட்ட திருப்பலி இசைகள், முந்நூறுக்கு மேற்பட்ட இறைவார்த்தைப் பாடல்கள், அறுபத்தெட்டுக் காணிக்கைப் பாடல்கள், கீதங்கள், புலம்பல்கள், மாதாவின் புகழ்ப்பாடல்கள் எனப் பெரும் கருவூலம் அவர் விட்டுச்சென்றது. நீரோடையைத் தேடும் மானைப்போல இறைவனை நாடும் ஆன்மாவின் சங்கீதத்துக்கு அவர் அமைத்த நான்கு குரல் இசையும், வியாகுல அன்னையைப் பற்றி இரு குழுவினர் மாறிமாறிப் பாடும் இசையும் கேட்போர் உள்ளத்தை உருக்குவன. அவர் இராகங்கள் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும், திடீரென்று தாவுவதில்லை. தாவினாலும் உடனே திரும்பி வந்து சமன் செய்துகொள்ளும். ஒரு குரல் மற்றொரு குரலை அமுக்குவதில்லை.

1725-ல் வியன்னாவில் பூக்ஸ் என்பவர் இசை இலக்கண நூல் எழுதியபோது, பாலெஸ்திரினாவையே ஆசிரியராக வைத்து, ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக அமைத்தார். ஹைடனும் பீத்தோவனும் அந்நூலில் பயின்றார்கள். லூத்தரன் சபையைச் சேர்ந்த பாக், இவரது திருப்பலி இசை ஒன்றை எடுத்தெழுதித் தம் கோவிலில் பாடவைத்தார். பிரிந்துபோன சகோதரர்களையும் இவரது இசை ஒன்றாக நிறுத்தியது. 1903-ல் புனித பத்தாம் பத்திநாதர் திருச்சபை இசையைப் பற்றி விதித்த ஒழுங்கில், கிரகோரியார் கீதத்துக்கு அடுத்தபடியாக இவரது வழி வந்த பல்குரல் இசையையே சிறப்பித்தார்.

நமக்கு என்ன பாடம்?

1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டது. மக்கள் பொருளுணர்ந்து பங்கெடுக்க வேண்டும் என்றது. தாய்மொழிக்கு வழி திறந்தது. அதே சமயம் பழைய இசைச் செல்வத்தைப் பேணவும் சொன்னது. அதன் பயனாகவே தமிழில் திருப்பலிப் பாடல்கள் பெருகின. ஆகவே திரெந்து நகரில் எழுந்த அதே கேள்வி இன்று நம் கோவிலிலும் நிற்கிறது. நாம் பாடும் வார்த்தை பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குக் கேட்கிறதா? தாளமும் ஒலிபெருக்கியும் சொல்லை விழுங்கிவிடுகின்றனவா? திரைப்பட மெட்டு நம்மைப் பீடத்துக்கு அழைத்துச் செல்கிறதா, கொட்டகைக்கு அழைத்துச் செல்கிறதா? பாலெஸ்திரினா பாட்டை நிறுத்தியும் விடவில்லை, அதன் போக்கிலே விட்டும் விடவில்லை. வார்த்தைக்குப் பணி செய்யும்படி பாட்டைப் பழக்கினார்.

இல்லறத்தாருக்கும் அவர் வாழ்வில் ஆறுதல் உண்டு. திருச்சபையில் பணிசெய்யப் பட்டமோ அங்கியோ தேவையில்லை. வீட்டுச் சுமையோடும், கடைக் கணக்கோடும், கண்ணீரோடும் அதைச் செய்யலாம். மனம் புண்பட்டபோது அவர் கோவிலை விட்டுப் போகவில்லை. அவர் போயிருந்தால் மார்செல்லுஸ் திருப்பலி நமக்குக் கிடைத்திருக்காது.

நம் பங்கின் பாடகர் குழுவிலும் மனத்தாங்கல்கள் வரக்கூடும். யார் முன்னால் நிற்பது, யார் தனித்துப் பாடுவது என்று குரல்கள் மோதக்கூடும். ஒரு குரல் மற்றொரு குரலை அமுக்காமல், எல்லாம் சேர்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லும் அந்த இசையை அப்போது நினைத்துக்கொள்வோமாக. இந்த யூபிலி ஆண்டில் நம் பாடகர் அனைவரையும், நமக்குமுன் பாடி மறைந்த பெயரறியாத குரல்கள் அனைத்தையும் பனிமய அன்னையின் பாதத்தில் ஒப்படைப்போம். அவர்கள் இங்கே தொடங்கிய பாட்டை வானகத்தில் முடிவின்றிப் பாடிக்கொண்டிருப்பார்களாக.